சப்பாத்தைக் காட்ட முதல் காலைப் பாருங்கோ

கம்பஸில் பீடங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி அறிவிச்ச உடனேயே எங்களுக்குக் கிடைச்சது பகிடிதான். "ஆர்ட்ஸ் காரருக்கு என்ன ஓட்டம், நீங்கள் கன்ரீனில இருந்து கவிதை கதைக்கிற ஆக்கள்" என்று மற்றப் பீடத்துப் பெடியள் சொன்னார்கள். அந்தப் பகிடிக்குப் பதில் சொல்லத்தான் நாங்கள் நாலு பேர் பெயர் கொடுத்தோம். நாலு பேரும் பெட்டையள். பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பிறகு நாலு பேரும் ஓடியதே இல்லை. அப்ப ஓடினதும் வெறுங்காலோட, சுண்ணாம்புக் கோடு போட்ட புல்லுத் தரையில். ஊரைச் சுத்தி நாலைஞ்சு கிலோமீற்றர் ஓடுறதை மரதன் என்று சொல்லிப் பழகின தலைமுறை நாங்கள்.

விடிய எழும்பித் திருநெல்வேலியில இருந்து சைக்கிளில பண்ணைக்குப் போவோம். கோட்டைப் பக்கம் கடலோர நடைபாதையில் ஓடுவோம். முதல் கிழமை ஒருத்தி பள்ளிக்கூடத்து வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. ஒருத்தி தம்பியின்ர சப்பாத்து, முன்னுக்குப் பஞ்சு அடைச்சது. ஒருத்தி நடக்கிறதுக்கு வாங்கின, அடி தட்டையான சப்பாத்து. நாலாவது ஆள்தான் 'ஒழுங்கா ஒண்டு வாங்குவம்' என்று முடிவெடுத்தவள். மாசக்கணக்காய் மிச்சம் பிடிச்ச மகாபொலக் காசை எடுத்துக்கொண்டு நாலு பேருமாய் டவுனுக்குப் போனோம். ஏசி போட்ட பெரிய கடை. பெயர் இங்கே தேவையில்லை. அங்கே நடந்தது வேறு எத்தனையோ கடையிலும் நடக்கிறதுதான்.

"என்ன சைஸ் அக்கா?"

"ஆறு."

"இதுதான் இப்ப நல்லா ஓடுது."

இவ்வளவுதான் நடந்த உரையாடல். அந்தத் தம்பிக்கு எங்கட வயசுதான் இருக்கும். காலைப் பார்க்கவில்லை. எதுக்கு, எங்கே, எவ்வளவு தூரம் ஓடப்போறியள் என்று கேட்கவில்லை. போட்டு ரெண்டு அடி நடந்து கண்ணாடியில் பார்த்தோம், வடிவாய் இருந்தது. 16,500 ரூபா. பில் போட்டு வெளியே வர இருபது நிமிசம்கூட ஆகவில்லை.

மூன்றாம் கிழமை அவளின்ர வலது பெருவிரல் நகம் கறுத்துப்போச்சு. சின்னவிரல் பக்கம் கொப்புளம். அதைவிட மோசமான ஒன்று நடந்தது. வலி வந்ததை அவள் எங்களுக்குச் சொல்லவே இல்லை. ஒருநாள் விடிய வரவில்லை, மற்றநாளும் வரவில்லை. போய்க் கேட்டபோது, "எனக்கு ஓட்டம் சரிவராதடி, என்ர கால் அப்பிடி" என்றாள். 16,500 ரூபாச் சப்பாத்தில் பிழை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிழை தன்ர காலில்தான் என்று நினைச்சாள். நாங்களும் அப்பிடித்தான் நினைச்சோம்.

இந்தக் கட்டுரையை எழுத வைச்சது அந்த வசனம்தான். சின்ன வயசில இருந்து 'ஓடாதை, விழுவாய்', 'பெரிய பிள்ளையாயிட்டாய், ஓடாதை' என்று கேட்டு வளர்ந்த ஆக்களுக்குத் தங்கட உடம்பைக் குறை சொல்லுறது சரியான லேசு. காலுக்குப் பொருந்தாத ஒரு சப்பாத்து அந்தப் பழைய பேச்சுக்குச் சாட்சி சொல்ல வந்துவிடுது. ஆகவே சப்பாத்துக் கடையில் நிக்கிறவருக்குக் காலைப் பற்றியும் ஓட்டத்தைப் பற்றியும் ஏதாவது தெரிஞ்சிருக்கிறது வசதி படைச்சவர்களின் சொகுசு இல்லை என்பதுதான் எங்கட வாதம். காசு குறைஞ்ச ஆக்களுக்குத்தான் அது கூடத் தேவை. வசதி இருக்கிறவர் ஒன்று பிழைச்சால் இன்னொன்று வாங்குவார். எங்களுக்கு ஒன்று பிழைச்சால் ஓட்டமே நின்றுபோகுது.

அந்த வருத்தத்துக்கு மருந்து தடிச்ச சொக்ஸ் என்று நாங்களே முடிவெடுத்தோம். சொக்ஸ் வாங்கப் போன இடம் டவுனில் ஒரு சின்ன விளையாட்டுச் சாமான் கடை. கரம் போட், பட்மின்ரன் ராக்கெட், கோப்பைகள், ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சப்பாத்துப் பெட்டி. அங்கே நின்ற அக்காவுக்கு நாற்பது வயசு இருக்கும்.

"ஏன் பிள்ளையள் தடிச்ச சொக்ஸ் கேக்கிறியள்?"

கதையைச் சொன்னோம். அவ சொக்ஸை எடுக்கவே இல்லை. "அந்தச் சப்பாத்தை நாளைக்குக் கொண்டு வாங்கோ. காலமை வராதேங்கோ, பின்னேரம் வாங்கோ. ஓடேக்க போடுற சொக்ஸையும் கொண்டு வாங்கோ" என்றா. ஒரு கடையில் காசோட நிக்கிற ஆளை 'நாளைக்கு வா' என்று அனுப்பினதை நாங்கள் முதல்முறை பார்த்தோம்.

பின்னேரம் ஏன் என்றால், நாள் முழுக்க நின்று நடந்து பின்னேரம் ஆகக் கால் கொஞ்சம் வீங்கும். ஓடும்போதும் அப்பிடித்தான். காலமை இறுக்கமில்லாமல் இருந்த சப்பாத்து ஓட்டத்தில் இறுக்கும். இதை அவ சொல்லித்தான் தெரியும்.

அடுத்த நாள் அவ முதலில் பார்த்தது பழைய சப்பாத்தின் அடியை. எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்கு என்று திருப்பிப் பார்த்தா. பிறகு உள்ளே இருக்கிற மெத்தையைக் கழற்றி நிலத்தில் வைச்சு, "இதில ஏறி நில்லுங்கோ" என்றா. நின்றவுடன் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அவளின்ர பாதத்தின் முன்பக்கம் ரெண்டு பக்கமும் மெத்தைக்கு வெளியே நின்றது. சின்னவிரல் முழுக்க வெளியே. இந்தச் சோதனைக்கு மிசின் ஒன்றும் வேண்டாம், அரை நிமிசம் போதும். ஏசிக் கடையில் யாராவது இதைச் செய்திருந்தால் 16,500 ரூபாவும் ஒரு நகமும் மிஞ்சியிருக்கும்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை நிலத்தில் வைச்சு, பென்சிலை நேராய்ப் பிடிச்சுக் காலைச் சுற்றிக் கோடு கீறினா. தையல்காரர் வைச்சிருக்கிற நாடாவால் அளந்தா. இடது கால் 24.4 சென்ரிமீற்றர், வலது கால் 24.9. ரெண்டு காலும் ஒரே அளவு இல்லாதது குறைபாடு இல்லை, கனபேருக்கு அப்பிடித்தான், பெரிய காலுக்குத்தான் சப்பாத்து எடுக்கவேணும் என்றா. நாங்கள் இவ்வளவு நாளும் 'ஆறு' என்று சொல்லிக்கொண்டு திரிஞ்சது பள்ளிக்கூடக் காலத்து எண்ணை.

அந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுகொள்ள வேணும். யூகே அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் ஒரு அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 8.5 மில்லிமீற்றர். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கு ஒரு சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.7 மில்லிமீற்றர் அளவில். ரெண்டும் ஒன்றோடொன்று சரியாய்ப் பொருந்தாது. கொம்பனிக்குக் கொம்பனி அச்சும் வேறு. ஆகவே ஒரு கொம்பனியில் ஆறு போடுற ஆள் இன்னொன்றில் ஆறரை போடலாம். சப்பாத்தின் நாக்கின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற சின்ன லேபலில் சென்ரிமீற்றர் கணக்கும் பெரும்பாலும் இருக்கும். தாளில் கீறின அளவோடு ஒப்பிட அதுதான் லேசு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேணும். இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னுக்குப் போய் இடிக்கும். நகத்துக்குக் கீழே இரத்தம் கட்டிக் கறுக்கிறது அதால்தான்.

இனி நடந்ததுதான் எங்களுக்குப் பிடிச்ச பகுதி. பெண்களுக்கான தட்டில் இருந்ததெல்லாம் றோஸ், ஊதா நிறச் சப்பாத்து. எல்லாம் ஒடுக்கம். அக்கா ரெண்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, விரல் பக்கம் அமத்திப் பார்த்து, "இது உங்களுக்கு வேண்டாம்" என்றா. பிறகு, "ஆம்பிளையளின்ர தட்டில பாப்பமே?" என்றா. அவள் தயங்கினாள். ஆம்பிளையளின்ர சப்பாத்தைப் போட்டால் ஆக்கள் என்ன சொல்லுவினம்? அக்கா சிரிச்சா. "பெட்டியிலதான் பிள்ளை ஆம்பிளை பொம்பிளை. காலுக்கு அகலம் மட்டும்தான் தெரியும்." ஆண்களுக்கு என்று செய்கிற சப்பாத்தின் அச்சு பொதுவாய் அகலம் கூட. பெண்களுக்கு என்று விற்கிறது ஒடுக்கம். அகலப் பாதம் இருக்கிற பெட்டைக்கு மற்றத் தட்டில் தேடுறது இயல்பான வழி. ஆனால் அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும். நாங்களாய் அந்தத் தட்டுப் பக்கம் போயிருக்க மாட்டோம்.

சாம்பல் நிறத்தில் ஒன்று பொருந்திச்சு. "கடைக்குள்ள நடந்து என்னத்தைப் பாக்கிறது, றோட்டில ஒருக்கா ஓடிட்டு வாங்கோ" என்றா. புதுச் சப்பாத்தோட டவுன் றோட்டில் ஒரு பெட்டை சந்தி மட்டும் ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். முச்சக்கரவண்டி அண்ணைமார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்தவுடன் அக்கா கேட்டது 'நல்லா இருக்கோ' என்று இல்லை. "குதிக்கால் கழருதோ? விரல் முட்டுதோ? நடுவில ஏதும் குத்துதோ?" என்று ஒவ்வொன்றாய்க் கேட்டா. குதிக்கால் கொஞ்சம் ஆடுது என்றதும், லேஸை மேலே இருக்கிற கடைசி ஓட்டை வழியாய் வளையம் மாதிரி எடுத்து, எதிர்ப்பக்க லேஸை அதுக்குள்ளால் கோத்து இறுக்கிக் காட்டினா. அந்தக் கடைசி ஓட்டை ஏன் இருக்கு என்று எங்கள் நாலு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

விலை 11,800 ரூபா. முதல் வாங்கினதைவிடக் குறைவு. போன வருசத்து மொடல், நிறம் எடுப்பில்லாததால் கிடந்தது என்றா. கிடந்த சாமானில் கவனிக்க வேண்டியதையும் சொன்னா. பெட்டிக்குள் வருசக்கணக்காய்க் கிடந்தால் எங்கட வெக்கைக்கும் ஈரத்துக்கும் பசை விட்டுப்போகும், சில வகை அடிப்பாகம் உதிரவும் தொடங்கும். ஆகவே கழிவு விலையில் எடுக்கிற சப்பாத்தை வளைச்சுப் பார்த்து, ஒட்டின இடத்தை நகத்தால் தடவிப் பார்த்து எடுக்கவேணும். வளைக்கும்போது விரல் மடியிற இடத்தில் வளையவேணும், பாதத்தின் நடுவில் மடிஞ்சால் அதை வைச்சிட்டு வரவேணும்.

இதெல்லாம் எங்கே படிச்சனீங்கள் என்று கேட்டோம். பள்ளிக்கூடத்தில் 800 மீற்றர் ஓடி மாகாண மட்டம் வரை போனவவாம். அதுக்குப் பிறகு கலியாணம், பிள்ளைகள், கடை வேலை. "ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. வாங்கிக்கொண்டு போனவை என்ன குறை சொல்லிக்கொண்டு திரும்பி வருகினமோ அதை ஞாபகம் வைச்சிருப்பன்" என்றா.

இதே வேலையைச் செய்த இன்னொருவரின் கதை ஓட்டச் சப்பாத்து வரலாற்றில் பிரபலம். பின்னாளில் நைக் என்று பெயர் மாறின கொம்பனி, 1960களில் யப்பான் சப்பாத்தை இறக்குமதி செய்து விற்ற சின்ன வியாபாரமாய் இருந்தது. அதன் முதல் முழுநேர ஊழியர் ஜெப் ஜோன்சன். தானும் ஒரு ஓட்டக்காரர். தன்னிடம் சப்பாத்து வாங்கின ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை வைச்சு, அவரின் கால் அளவு, விருப்பம், சொன்ன குறை எல்லாவற்றையும் எழுதி வைப்பார். வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவார், அவர்கள் திருப்பி எழுதுவார்கள். கலிபோர்னியாவின் சாண்டா மொனிக்காவில் அவர் நடத்தின கடையில் ஓட்டக்காரர்கள் வந்திருந்து கதைச்சுக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு பெரிய கொம்பனியின் தொடக்கத்தில் இருந்தது விளம்பரம் மட்டும் இல்லை, வாடிக்கையாளரின் காலை ஞாபகம் வைச்சிருந்த ஒரு கடை ஊழியரும்தான். எங்கட அக்காவிடம் அட்டைப்பெட்டி இல்லை, தலைக்குள் வைச்சிருக்கிறா. வித்தியாசம் அதுதான்.

ஆனால் 'கடைக்காரர் சொன்னால் எல்லாம் சரி' என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அறிவு மாதிரி வேசம் போடுற வியாபாரமும் இருக்கு. 1920களில் இருந்து 1950கள் வரை அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சப்பாத்துக் கடைகளில் எக்ஸ்றே மிசின் வைச்சிருந்தார்கள். பிள்ளை காலை உள்ளே விட்டால் எலும்பும் சப்பாத்தும் திரையில் தெரியும். பிள்ளைகளுக்குப் புதினம், தாய்மாருக்கு நம்பிக்கை, கடைக்கு வியாபாரம். சப்பாத்துப் பொருந்துதா என்று பார்க்க அந்தக் கதிர்வீச்சு தேவையே இல்லை. 1957இல் பென்சில்வேனியா மாநிலம் அதைத் தடை செய்தது, மற்ற இடங்களும் கைவிட்டன. வாங்க வந்த பிள்ளைக்குச் சில வினாடிதான் கதிர் பட்டது. நாள் முழுக்க அந்த மிசினுக்குப் பக்கத்தில் நின்றது கடை ஊழியர்கள்.

இப்ப எக்ஸ்றே இல்லை, சொற்கள் இருக்கு. 'உங்களுக்குத் தட்டைப் பாதம், அதுக்கு இந்த வகைச் சப்பாத்துத்தான் போடவேணும், இல்லாட்டி முழங்கால் போயிடும்' என்று பயப்படுத்தி விற்கிறது பல நாட்டிலும் நடக்குது. பாதத்தின் வளைவைப் பார்த்துச் சப்பாத்து ஒதுக்கினால் காயம் குறையுமா என்று அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைகளில் பயிற்சிக்கு வந்தவர்களிடம் ஆய்வு செய்து பார்த்தார்கள். 2009, 2010 அளவில் முடிவுகள் வெளிவந்தன. வளைவு பார்த்துக் கொடுத்தவர்களுக்கும், எல்லாருக்கும் ஒரே வகை என்று கொடுத்தவர்களுக்கும் இடையில் காயத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக்கும் சக ஆய்வாளர்களும் 2015இல் எழுதின கட்டுரை, போட்டு ஓடும்போது காலுக்குச் சுகமாய் இருக்கிறதையே தெரிவுக்கு வழியாய் எடுக்கலாம் என்று முன்வைச்சது. எங்கட அக்கா 'றோட்டில ஒருக்கா ஓடிட்டு வாங்கோ' என்று சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

அப்ப நல்ல விற்பனையாளரை எப்பிடி அடையாளம் பிடிக்கிறது? எங்கட அனுபவத்தில் மூன்று விசயம் சொல்லலாம். சொல்லுறதைவிடக் கூடக் கேட்பார். 'வேண்டாம்' என்று ஒரு பெட்டியையாவது மூடி வைப்பார். கடைசி முடிவை உங்கட காலிடம் விடுவார். இந்த மூன்றும் இல்லாமல் பெரிய பெரிய சொல்லாய்ச் சொல்லுறவரிடம் கொஞ்சம் கவனமாய் இருக்கலாம்.

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்லவேணும். அக்கா குனிஞ்சு காலைத் தொட்டபோது நாலு பேரும் ஒன்றாய், "ஐயோ அக்கா, விடுங்கோ, நாங்களே போடுறம்" என்று காலை இழுத்தோம். மரியாதை என்றுதான் நினைச்சோம். பிறகு வீட்டுக்கு வந்து கதைச்சுப் பார்த்தால் அதுக்குள் வேறு சங்கதியும் இருக்கு. எங்கட சமூகத்தில் காலும் செருப்பும் சாதியோட ஒட்டின விசயம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டியிருந்த தெருக்களைப் பற்றி மூத்த ஆக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருவரை அவமானப்படுத்த இன்றைக்கும் செருப்பைத்தான் இழுக்கிறோம். காலைத் தொடுற வேலையைக் கீழான வேலை என்று எங்களுக்குள் எங்கோ பதிஞ்சு கிடக்கு. பாதத்தைப் பார்த்து மருந்து தாற டொக்டரிடம் நாங்கள் காலை இழுக்கிறதில்லையே! அக்கா செய்ததும் அறிவு வேணுமான வேலைதான். அதை வேலை என்று மதிக்காமல் சேவகம் என்று பார்க்கிறதாலதான், ஏசிக் கடைத் தம்பியும் குனிஞ்சு காலைப் பார்க்கத் தயங்கினானோ தெரியாது. பெட்டையின்ர காலைத் தொட்டால் பிரச்சினை வரும் என்ற பயமும் அவனுக்கு இருந்திருக்கலாம். தாளும் பென்சிலும் கொடுத்து, 'நீங்களே கீறுங்கோ' என்று சொல்ல அவனுக்கு யாராவது பழக்கியிருந்தால் போதும்.

அந்தத் தம்பியை நாங்கள் திட்டவில்லை. அவனை ஒரு முதலாளி சுவருக்கு முன்னால் நிற்பாட்டி, 'வாறவைக்கு எடுத்துக் குடு' என்று மட்டும் சொல்லியிருப்பார். எங்கட நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்திருக்கு. பண்டிகைக் காலத்தில் டவுன் கடைகளில் இரவு எத்தனை மணி வரை எங்கட நண்பர்கள் நிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கனபேர் கம்பஸ் விடுமுறையில் அதே வேலைக்குப் போனவர்கள். கேரளாவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்கவேணும் என்று சட்டம் திருத்தினார்கள். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களின் பிரச்சினை அதுக்குப் பின்னால் இருந்தது. அக்காவின் கடையில் ரெண்டு கதிரை இருந்தது, ரெண்டும் வாடிக்கையாளருக்கு. அவ போட்டிருந்தது தேய்ஞ்ச பாட்டா. காலைப் பற்றி எங்களுக்கு இவ்வளவு சொன்ன ஆள் நாளுக்கு எத்தனை மணித்தியாலம் அதோட நிக்கிறா என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

'எல்லாம் யூரியூப்பில இருக்கு, ஒன்லைனில வாங்கினால் மலிவு' என்று நண்பர்கள் சொல்லுறார்கள். நாங்களும் பார்த்தோம். அந்த வீடியோக்களில் வருகிற சப்பாத்துகள் பெரும்பாலும் இங்கே வாறதில்லை, வந்தாலும் விலை எங்களுக்கு எட்டாது. ஒன்லைனில் படத்தைப் பார்த்து எடுத்து, அளவு பிழைச்சு, திருப்பி அனுப்ப வழியில்லாமல் தங்கச்சிக்குக் கொடுத்த கதை எங்கட ஹொஸ்டலில் மட்டும் மூன்று இருக்கு. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஏறின விலையில் அப்பிடிப் பரீட்சை வைச்சுப் பார்க்க எங்களால் ஏலாது.

இன்னொரு வாதம் கூடப் பலமானது: 'ஓட எதுக்குச் சப்பாத்து? எங்கட ஆக்கள் வெறுங்காலோட ஓடித்தானே வெண்டவை!' எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 றோம் ஒலிம்பிக்கில் மரதனை வெறுங்காலோட ஓடித் தங்கம் எடுத்தது உண்மை. அவர் வெறுங்காலோட ஓடிப் பழகினவர், அங்கே கிடைச்ச சப்பாத்து அவருக்குச் சரியாய்ப் பொருந்தவில்லை என்றும் சொல்லப்படுது. நாலு வருசம் கழிச்சு 1964 டோக்கியோவில் சப்பாத்தோட ஓடி மறுபடியும் தங்கம் எடுத்தார். எங்களுக்கு அந்தக் கதை சொல்லுறது, பொருந்தாத சப்பாத்தைவிட வெறுங்கால் நல்லது என்பதைத்தான். பண்ணை நடைபாதையில் போத்தல் ஓடு கிடக்காமல் இருந்தால் நாங்களும் யோசிப்போம்.

இதை வாசிக்கிற உங்களிடம் கேட்கிறது பெரிசாய் ஒன்றும் இல்லை. சப்பாத்து வாங்கப் பின்னேரம் போங்கோ. பழைய சப்பாத்தையும் ஓடுற சொக்ஸையும் கொண்டு போங்கோ. வீட்டிலேயே தாளில் ரெண்டு காலையும் கீறி அளந்து கொண்டு போங்கோ. உள்மெத்தையைக் கழற்றி அதில ஏறி நில்லுங்கோ, யாரும் ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை. கடையில் நிக்கிறவரிடம் 'எது நல்லா ஓடுது' என்று கேட்காமல், 'நான் கிழமைக்கு மூன்று நாள் தார் றோட்டில ஓடுறன், இந்த இடம் நோகுது' என்று சொல்லுங்கோ. நல்லாய் உதவினால் திரும்பிப் போய்ச் சொல்லுங்கோ, பிழைச்சாலும் போய்ச் சொல்லுங்கோ. அவர்கள் படிக்கிறது அதில் இருந்துதான்.

கடை வைச்சிருக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கவேணும். வேலைக்கு எடுக்கிற பெடியளுக்கும் பெட்டையளுக்கும் ஒரு அரைநாள் காலைப் பற்றிச் சொல்லிக் குடுங்கோ. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு அளவு நாடா போதும். அவர்கள் இருக்க ஒரு கதிரையும் போடுங்கோ. கம்பஸிலும் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டுக்குப் பொறுப்பாய் இருக்கிறவர்கள், போட்டிக்குப் பெயர் எடுக்கும்போது பிள்ளைகளின் காலில் என்ன இருக்கு என்று ஒருக்கால் பாருங்கோ. 'எனக்கு ஓட்டம் சரிவராது' என்று சொல்லிப் பின்வாங்கின எத்தனை பேருக்கு உண்மையில் சப்பாத்துத்தான் சரிவரவில்லையோ!

போட்டியில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அவள் 5000 மீற்றரில் ஆறாவதாய் வந்தாள். பதக்கம் இல்லை. பகிடி பண்ணின பெடியள் கை தட்டினார்கள், அது உண்மையாய்த் தட்டினதா பகிடியாய்த் தட்டினதா என்று இன்னும் எங்களுக்குள் வாக்குவாதம். அடுத்த கிழமை நாலு பேருமாய் அந்தக் கடைக்குப் போனோம். மிச்ச மூன்று பேருக்கும் காலைக் கீற வேண்டியிருந்தது. எங்களைக் கண்டதும் எத்தினையாம் இடம் என்று அக்கா கேட்கவில்லை.

"நகம் இப்ப எப்பிடிப் பிள்ளை?" என்றுதான் கேட்டா.